நாய், பூனை வளக்கப் போறீங்களா? டாக்டரைத் தேர்ந்தெடுக்குறது எப்படி, செலவைச் சமாளிக்கிறது எப்படி

குட்டி வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே டாக்டரைப் பாத்து வச்சுருங்க. நிறைய பேர் கழுத்துப் பட்டை, பவுல், மெத்தை, பொம்மைன்னு எல்லாத்தையும் வாங்கி அடுக்கிடறாங்க, டாக்டரை மட்டும் உடம்பு சரியில்லாம போனப்புறம்தான் தேடுறாங்க, அதுவும் ராத்திரி பத்து பதினோரு மணிக்கு குட்டி மடியில வாந்தி எடுத்துட்டு இருக்கும்போது போன்ல தேடி முதல்ல வர்ற கிளினிக்குக்கு ஓடி, அங்க என்ன சொன்னாலும் சரி சரின்னு தலையாட்டி பில்லைக் கட்டிட்டு வர்றாங்க. அந்த நேரத்துல யாராலயும் நிதானமா யோசிக்க முடியாது, அது அவங்க தப்பும் இல்ல. அதனாலதான் முன்கூட்டியே பண்ணச் சொல்றேன். சென்னையை வச்சுத்தான் எழுதுறேன், மத்த ஊர்க்காரங்களுக்கானதையும் நடுநடுவுல சொல்றேன்.

அதோட டாக்டர்கிட்ட பணத்தைப் பத்திப் பேசக் கூச்சப்படவே கூடாது. வாயில்லா ஜீவன் விஷயத்துல காசு பாக்குறாங்களேன்னு நெனச்சுடுவாங்களோன்னு பயந்துட்டு பேசாம இருந்துடறாங்க, மூணாவது நாள் கையில காசு தீந்ததும் சொல்லாம கொள்ளாம போறதை நிறுத்திடறாங்க. பாதியில விட்ட வைத்தியத்துக்குத்தான் கடைசில செலவு ஜாஸ்தி, நோய் திரும்பி வரும், அப்போ முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். "டாக்டர், என்னால இவ்ளோதான் முடியும், இதுக்குள்ள எதை முதல்ல பண்ணலாம்?" அப்படின்னு முதல் நாளே கேட்டுட்டா நல்ல டாக்டர் அதுக்கேத்த மாதிரி வழி சொல்லுவாரு. நீங்க இப்படிக் கேட்டதும் முகம் சுளிக்கிற டாக்டர்னா வேற இடம் பாத்துக்கோங்க.

எங்கெல்லாம் போகலாம்

வீட்டுப் பக்கத்துல இருக்குற ஒரு சின்ன கிளினிக், தூரமா இருந்தாலும் எல்லா வசதியும் இருக்குற ஒரு பெரிய ஆஸ்பத்திரி, இந்த ரெண்டும் உங்க லிஸ்ட்ல கண்டிப்பா இருக்கணும். ஊசி, பூச்சி மருந்து, சின்னச் சின்ன பேதி, தோல் அரிப்பு இதுக்கெல்லாம் பக்கத்து கிளினிக் போதும், அந்த டாக்டருக்கு உங்க நாயோட பழைய கதை தெரிஞ்சிருக்கும், அது பெரிய விஷயம். ஆபரேஷன், எலும்பு முறிவு, இதயம், கண்ணு, ரத்தம் ஏத்துறது இதுக்கெல்லாம் பெரிய இடம் வேணும்.

சென்னைல பெரிய இடம்னா முதல்ல சொல்ல வேண்டியது வேப்பேரி. 1903ல ஆரம்பிச்ச மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியோட ஆஸ்பத்திரி அது, இப்போ தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வருது. தனித்தனிப் பிரிவு இருக்கு, எக்ஸ்ரே ஸ்கேன் எல்லாம் உள்ளயே எடுக்கலாம், நாய்ங்களுக்கு டயாலிசிஸ்கூட பண்றாங்க, விலங்குகளுக்கான ரத்த வங்கியும் இருக்கு. தனியார்ல ஆகுற செலவோட ஒப்பிட்டா இங்க ரொம்பக் குறைவு. ஆனா கூட்டம் இருக்கும், சீட்டு வாங்கிட்டு காத்திருக்கணும், முதல்ல படிக்கிற பசங்க வந்து கேள்வி கேப்பாங்க, அப்புறம்தான் பெரிய டாக்டர் பாப்பாரு. பொறுமையா பதில் சொல்லுங்க, அவங்க கேக்குற அந்த வரிசைக் கேள்விகள்லதான் பல நேரம் விஷயமே வெளிய வரும். காலைல சீக்கிரம் போய்டுங்க, தண்ணி, பழைய துணி, பேப்பர் எல்லாம் எடுத்துட்டுப் போங்க, தடுப்பூசி முழுசா போடாத குட்டியா இருந்தா கீழ விடவே விடாதீங்க, மடிலயோ கூடையிலயோ வச்சுக்கோங்க. குட்டிகளுக்கு ரத்த பேதி வர வைக்கிற பார்வோ வைரஸ் மாதிரி நோய்க்கிருமி தரைல மாசக்கணக்கா உயிரோட இருக்கும்.

வெளியூர்ல இருக்கவங்களுக்கு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலை, தேனி இங்கெல்லாம் இதே பல்கலைக்கழகத்தோட கல்லூரிகள் இருக்கு. அதுவும் தூரம்னா உங்க ஊரு அரசு கால்நடை மருந்தகம். அங்க மாடு ஆடுதான் நிறைய வரும், அதுக்காக நாயைப் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சுக்காதீங்க, வெறிநாய்க்கடி ஊசிக்கும் பூச்சி மருந்துக்கும் தாராளமா போகலாம். கிராமத்துல இருந்தா 1962ங்கிற நம்பரை சேவ் பண்ணி வச்சுக்கோங்க, கால்நடைத் துறையோட நடமாடும் வண்டிக்கானது.

டாக்டரை எப்படி எடை போடுறது

ஸ்டார் ரேட்டிங்கை மட்டும் நம்பிப் போகாதீங்க. குட்டி இல்லாமயே ஒரு தடவை நேர்ல போய் உக்காந்துட்டு வாங்க, முடிஞ்சா சாயங்கால நேரத்துல, அப்போதான் உண்மையான கூட்டம் தெரியும்.

முதல்ல போர்டைப் பாருங்க. கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.எச். படிச்சிருக்கணும், மாநில கால்நடை மருத்துவ கவுன்சில்ல பதிவு பண்ணின நம்பர் சீட்டுலயோ சீல்லயோ இருக்கணும். இப்படிப் பதிவு பண்றது 1984ல வந்த சட்டப்படியே கட்டாயம். பெட் ஷாப்ல ஊசி போடுறவரு, முன்னாடி கம்பவுண்டரா இருந்தவரு, நாய் விக்கிறவரு இவங்ககிட்ட ஊசி போட்டுக்கவே போட்டுக்காதீங்க, நூறு இருநூறு மிச்சம் ஆகும், ஆனா அந்த ஊசி வேலை செய்யுமாங்கிறதுக்கு யாரு பொறுப்பு? தடுப்பூசியை 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள வச்சிருக்கணும், கரன்ட் போன கடைல வச்சிருந்த ஊசிக்கு உள்ள சத்தே இருக்காது. நல்ல கிளினிக்ல பாட்டில்ல இருக்குற ஸ்டிக்கரை உரிச்சு உங்க கார்டுல ஒட்டி, தேதி போட்டு கையெழுத்து சீலோட தருவாங்க. வெறும் பேனால எழுதின கார்டோட குட்டியை வாங்கினீங்கன்னா அந்த ஊசியைக் கணக்குல எடுத்துக்க வேண்டாம், புது டாக்டர்கிட்ட காட்டி மறுபடி ஆரம்பிக்கலாமான்னு கேளுங்க.

அப்புறம் டாக்டர் நாயைத் தொட்டுப் பாக்குறாரான்னு கவனிங்க. வாயைத் திறந்து ஈறு பாக்குறது, வயித்தை அமுக்கிப் பாக்குறது, காய்ச்சல் பாக்குறது, நெஞ்சுல ஸ்டெத் வைக்கிறது, எடை போடுறது. இதெல்லாம் பண்ணாம டேபிளுக்கு அந்தப் பக்கம் இருந்தே ரெண்டு ஊசி எழுதுறாருன்னா யோசிக்கணும். எடை போடாம மருந்து எழுதுறது ரொம்பத் தப்பு, நாய்க்குப் பெரும்பாலான மருந்து கிலோ கணக்குலதான்.

கேக்க வேண்டியதையும் கேட்டுருங்க: ராத்திரி போன் எடுப்பீங்களா, எடுக்க முடியலன்னா யாருகிட்ட அனுப்புவீங்க, ஆபரேஷன் இங்கயே பண்ணுவீங்களா, மயக்கம் குடுக்கும்போது பக்கத்துல இருந்து கவனிக்க இன்னொருத்தர் இருப்பாங்களா, ரத்தப் பரிசோதனை இங்கயா வெளிலயா, ரிப்போர்ட்டை என் கையில குடுப்பீங்களா. தோட்டம், காலி மனை பக்கம் வீடு இருந்தா பாம்புக்கடி மருந்து வச்சிருக்காங்களான்னும் கேளுங்க, எல்லாரும் வச்சிருக்க மாட்டாங்க. பூனை வளக்குறவங்க ஒன்னு கூடுதலா பாக்கணும், பூனைன்னா சில டாக்டர்களுக்கு அவ்வளவா பழக்கம் இருக்காது. அது பயந்து சுருண்டுக்கும்போது கழுத்தைப் பிடிச்சுத் தூக்குறாரா இல்ல துணியைப் போத்தி மெதுவா பாக்குறாரான்னு பாத்தாலே புரிஞ்சுடும்.

முதல் வருஷத்துச் செலவு

இதுல கை வைக்காதீங்க, மிச்சம் பிடிக்கிறதுக்கு வேற இடம் இருக்கு. நாய்க்குட்டிக்கு ஆறுல இருந்து எட்டு வாரத்துல முதல் ஊசி, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவைன்னு பதினாறு வாரம் வரைக்கும் போகும், செவன் இன் ஒன், நைன் இன் ஒன்னு சொல்றது பல நோய்க்கும் சேத்துப் போடுற இந்தக் கலவை ஊசியைத்தான். மூணு மாசத்துல வெறிநாய்க்கடி ஊசி, அதுக்கப்புறம் டாக்டர் சொல்ற தேதில பூஸ்டர், பிறகு வருஷா வருஷம். பூனைக்கு மூணு வைரஸுக்குச் சேத்துப் போடுற ஊசி தனி, வெறிநோய் ஊசி அதுக்கும் உண்டு. சென்னைல தனியார் கிளினிக்ல பாக்குறதுக்கு சுமாரா 300ல இருந்து 800, கலவை ஊசி 600ல இருந்து 1,200, வெறிநோய் ஊசி 200ல இருந்து 400ன்னு ஏரியாவைப் பொறுத்து மாறும்.

இது ஜாஸ்தியா தெரியுதுன்னா பார்வோ வந்த குட்டியை ட்ரிப்ஸ்ல வச்சிருக்கவங்களைக் கேட்டுப் பாருங்க, ஒரு நாளைக்கே ரெண்டாயிரம் மூவாயிரம்னு போகும், அஞ்சாறு நாள் வைக்கணும், அப்பவும் பிழைக்குமான்னு உறுதி கிடையாது. எலி மூத்திரத்துல பரவுற லெப்டோவும் அந்தக் கலவை ஊசிலதான் வருது, அதோட பலன் ஒரு வருஷம்தான் நிக்கும். ஐப்பசி கார்த்திகைல தெருவுல தண்ணி தேங்கி நிக்கிற ஊரு நம்ம ஊரு, லெப்டோ மனுஷங்களுக்கும் தொத்தும், அதனால வருஷ ஊசியைத் தள்ளிப் போடாதீங்க.

பூச்சி மருந்து மூணு மாசம் வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு மாசம் வரைக்கும் மாசா மாசம், அப்புறம் மூணு மாசத்துக்கு ஒன்னு. விலை ரொம்பக் கம்மி.

நம்ம ஊருல நாய் வளக்குறவங்க உண்ணியை சும்மா நெனச்சுடக் கூடாது. வெயில் ஊருங்கிறதால வருஷம் பூரா இருக்கும், அது கடிச்சு வர்ற டிக் ஃபீவர்ல நாய் சாப்பிடாது, ஈறு வெளுத்துப் போகும், மூக்குல ரத்தம்கூட வரலாம். ஒரு மாத்திரை குடுத்தா ஒரு மாசம், மூணு மாசம் வரைக்கும் உண்ணி ஏறாம பாத்துக்குற மாதிரி இப்போ வருது, பெரிய நாய்க்கு விலை ஆயிரத்தைத் தாண்டும். அதை நெனச்சுத் தயங்குறவங்க, டிக் ஃபீவர் வந்துட்டா ரத்தப் பரிசோதனை, ட்ரிப்ஸ், சில சமயம் ரத்தம் ஏத்துறதுன்னு எவ்ளோ போகும்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. நாய்க்கு வலிப்பு வந்த பழக்கம் இருந்தா இந்த மாத்திரைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும். எர்லிக்கியான்னு சொல்ற வகை வந்துச்சுன்னா டாக்ஸிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாட்டிக்கை 28 நாள் குடுக்கணும், அஞ்சாவது நாளே நாய் வாலாட்டிட்டு சாப்பிட ஆரம்பிச்சுடும், அதைப் பாத்து நிறுத்திடாதீங்க, ரெண்டு மூணு மாசத்துல திரும்ப வந்து நிக்கும். நாய்க்குப் போடுற உண்ணி மருந்தை பூனைக்குப் போடவே கூடாது, அதுல பெர்மெத்ரின்ங்கிற பூச்சிக்கொல்லி இருந்துச்சுன்னா பூனை செத்தே போயிடும்.

கருத்தடை ஆபரேஷனையும் இந்தக் கணக்குலயே சேத்துக்கோங்க. தனியார்ல எடையைப் பொறுத்து ஆறாயிரத்துல இருந்து பதினஞ்சாயிரம் வரைக்கும் கேப்பாங்க, வேப்பேரில இதைவிடக் கம்மி, தெருவுல இருந்து எடுத்து வளக்குற நாய்னா புளூ கிராஸ் மாதிரி விலங்கு நல அமைப்புகள்லயும் விசாரிங்க. பெண் நாய்க்கு ஆபரேஷன் பண்ணலன்னா வயசான காலத்துல கர்ப்பப்பைல சீழ் பிடிக்கிற பயோமெட்ரா வர வாய்ப்பு நிறைய இருக்கு, அப்போ அதே ஆபரேஷனை உயிருக்குப் போராடுற நாய்க்கு அவசரமா பண்ணணும், செலவும் பல மடங்கு. எந்த வயசுல பண்றதுங்கிறது இனத்தைப் பொறுத்து மாறும், டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க.

இன்னும் குட்டி வாங்காதவங்களுக்கு ஒரு வார்த்தை. பக், ஷிட்ஸு மாதிரி சப்பை மூக்கு நாய்ங்களுக்கு மூச்சு, கண்ணு, தோலுன்னு தொந்தரவு வந்துட்டே இருக்கும், ஹஸ்கி நம்ம வெயிலுக்குப் படாதபாடு படும். நம்ம தெரு நாய்க்குட்டியோ நாட்டு நாயோ எடுத்தா டாக்டர் செலவு பொதுவா குறைவு, எனக்கு அதுதான் முதல் பரிந்துரை.

கூட்டிட்டுப் போற அன்னைக்கு

வீட்டுலயே கொஞ்சம் தயார் பண்ணிட்டுப் போனா அங்க நேரமும் காசும் மிச்சம். இருமல், வலிப்பு, நொண்டுறது இதெல்லாம் டாக்டர் முன்னாடி வரவே வராது, வீட்டுல வரும்போதே போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கோங்க. பேதின்னா சின்ன டப்பால சாம்பிள். கடைசியா என்ன சாப்பிட்டுச்சு, எப்போ தண்ணி குடிச்சுது, மூத்திரம் போச்சா, எத்தனை தடவை வாந்தி, எல்லாத்தையும் எழுதிக்கோங்க. பூனையை கையில தூக்கிட்டு ஆட்டோல போகாதீங்க, மூடின கூடைதான்.

டாக்டர் பாத்து முடிச்சதும் மூணு கேள்வி கேளுங்க. இன்னைக்கே செஞ்சாகணும்ங்கிறது எது? ரெண்டு நாள் பாத்துட்டு முடிவு பண்ணலாம்ங்கிறது எது? இப்போ செய்யலன்னா என்ன ஆகும்? இந்த மூணுக்கும் பதில் வந்தாலே பில் பாதி தெளிவாயிடும், சில டெஸ்ட் தானாவே தள்ளிப் போகும், சிலது ஏன் தள்ளக் கூடாதுன்னு உங்களுக்கே புரியும். அட்மிட் பண்ணச் சொன்னா ஒரு நாளைக்கு எவ்ளோ, எத்தனை நாள், எந்தக் கட்டத்துல மறுபடி உங்களைக் கேட்டுட்டுச் செய்வாங்கங்கிறதை எழுதி வாங்கிடுங்க.

ரிப்போர்ட், எக்ஸ்ரே எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஒரே போல்டர்ல போட்டு வைங்க, இன்னொரு டாக்டர்கிட்ட கருத்து கேக்கப் போனா அதே டெஸ்ட்டை திரும்ப எடுக்க வேண்டியிருக்காது. பெரிய ஆபரேஷன், இல்ல ஆயுசு பூரா மாத்திரைன்னு சொன்னா இன்னொருத்தர்கிட்ட கேக்குறது தப்பே இல்ல, நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரு.

மருந்துச் செலவுல ஒரு வழி இருக்கு. நாய்க்கு எழுதுற ஆன்டிபயாட்டிக், அசிடிட்டி மாத்திரை நிறைய மனுஷங்களுக்கானதேதான், கம்பெனி பேரு இல்லாம மூலப்பெயர்ல (ஜெனரிக்) எழுதித் தரச் சொல்லிக் கேட்டா மக்கள் மருந்தகத்துலயோ முதல்வர் மருந்தகத்துலயோ ரொம்பக் கம்மியா கிடைக்கலாம். ஆனா டாக்டர் எழுதினதை மட்டும்தான், அவரு சொன்ன அளவுல மட்டும்தான். நீங்களா டோலோ, குரோசின், ப்ரூஃபென் குடுக்காதீங்க. டோலோ, குரோசின்ல இருக்குற பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரு மாத்திரையே உயிரை எடுத்துடும். ப்ரூஃபென்ல இருக்குற ஐப்யூப்ரோஃபென் நாயோட வயித்தையும் கிட்னியையும் கெடுக்கும்.

பணத்தை ஒதுக்கி வைக்கிறது

குட்டி வந்த மாசத்துல இருந்தே தனியா ஒரு கணக்குல மாசம் 500, முடிஞ்சவங்க 1,000 போட்டு வைங்க, போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. கூட போடலாம், ஆனா அவசரத்துக்குச் சட்டுனு எடுக்குற மாதிரி கொஞ்சம் கைல இருக்கணும். இன்ஷூரன்ஸ் நாய்ங்களுக்கு இந்தியாவுலயும் இருக்கு, நியூ இந்தியா அஷ்யூரன்ஸ், பஜாஜ் மாதிரி கம்பெனிகள் தர்றாங்க. எடுக்குறதுக்கு முன்னாடி எந்த வயசு வரைக்கும், ஆரம்பத்துல எத்தனை நாள் கிளெய்ம் கிடையாது, எதெதைச் சேக்க மாட்டாங்க இதைப் படிச்சுடுங்க. ஏற்கனவே இருக்குற நோய்க்குப் பணம் வராது, தடுப்பூசி கார்டு ஒழுங்கா இல்லன்னாலும் சிக்கல். தெரு நாய்க்கும் உண்டான்னு தனியா கேளுங்க. என் கருத்துல, ஆஸ்பத்திரி செலவு ஜாஸ்தி ஆகக்கூடிய இனம் வச்சிருக்கவங்களுக்கு இது பிரயோஜனம், மத்தவங்களுக்கு மாசா மாசம் சேக்குற பணமே போதும்.

இலவச முகாமையும் விட்டுடாதீங்க. ஜூலை 6 (விலங்குகள்ல இருந்து மனுஷங்களுக்குப் பரவுற நோய்களுக்கான தினம்), செப்டம்பர் 28 (உலக வெறிநோய் தினம்) ஒட்டி அரசு கால்நடை ஆஸ்பத்திரிகள்ல வெறிநோய் ஊசி இலவசமா போடுவாங்க. சென்னை மாநகராட்சியோட செல்லப்பிராணி மருத்துவமனைகள்லயும் கேட்டுப் பாருங்க, நுங்கம்பாக்கம், திரு.வி.க. நகர், கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம் பக்கம் இருக்கு, விசாரிச்சுட்டுப் போங்க. மாநகராட்சி லைசென்ஸும் எடுத்துடுங்க, 50 ரூபாதான், ஊசி கார்டு கேப்பாங்க. லைசென்ஸ் இல்லாட்டி 5,000 அபராதம்னு 2025ல கொண்டு வந்துட்டாங்க.

காத்திருக்கக் கூடாத நேரம்

காசைச் சேத்துட்டு நாளைக்குப் போகலாம்னு சில விஷயத்துல நெனைக்கவே கூடாது. ஆண் பூனை மூத்திரம் போக முக்கிட்டே இருக்கு, ஒன்னும் வரலன்னா அன்னைக்கே போகணும், ஒரு நாள் தள்ளினாலே உயிருக்கு ஆபத்து. பெரிய நாய்க்கு வயிறு உப்பி, வாந்தி வர்ற மாதிரி குமட்டி ஒன்னுமே வரலன்னா ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீங்க. ஈறு வெள்ளையாவோ நீலமாவோ ஆகுறது, விடாத வலிப்பு, குட்டிக்கு ரத்த பேதி, எலி மருந்து தின்னுட்டது, வெயில்ல மூச்சு இரைச்சு மயங்கி விழுறது, இதெல்லாமே அதே கணக்குதான். வெயில்ல விழுந்துச்சுன்னா சாதாரணத் தண்ணியை உடம்பு பூரா ஊத்தி ஃபேன் காத்துல வச்சுட்டு உடனே கிளம்புங்க.

நாயோ பூனையோ உங்களைக் கடிச்சாலும் பிராண்டினாலும், ஊசி போட்டதா இருந்தாலும் சரி, சோப்பு போட்டு ஓடுற தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, அங்க ஊசி இலவசம். வெறிநோய் அறிகுறி வந்துட்டா காப்பாத்த வழியே இல்ல.

கடைசி வேலை: பக்கத்து டாக்டர் நம்பர், ராத்திரி திறந்திருக்குற ஆஸ்பத்திரி நம்பர், வேப்பேரிக்குப் போற வழி, நாயோட இப்போதைய எடை, அது சாப்பிடுற மாத்திரை, நாயை ஏத்திக்குற ஒரு ஆட்டோக்காரர் நம்பர், இவ்வளவையும் ஒரு தாள்ல பெருசா எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டி, வீட்டுல இருக்குற பெரியவங்களுக்கும் காட்டிடுங்க. நீங்க ஆபீஸ்ல இருக்கும்போது ஏதாவது ஆச்சுன்னா அம்மாவோ தாத்தாவோதான் தூக்கிட்டு ஓடணும்.